தட்டாமல் வருகிற அத்தை

எங்கள் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி நான் வெகுகாலம் பார்த்ததில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அவர் வாடகைக்கு விட்டிருந்த மூன்று வீடுகளின் மாற்றுச் சாவிகளும் அதில் இருந்தன. நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தால், அடுப்படியில் நின்று என் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பார். "உப்புப் போட்டியா தாயி? போட்ட மாதிரித் தெரியலையே" என்பார். நான்தான் திடுக்கிட்டு நிற்பேன். அவர் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்புச் சாடி எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுப்பார்.

என் வீட்டில் உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. வந்த புதிதில் அதைச் சரிசெய்து தரச் சொன்னேன். "நான் எதுத்தாப்புல இருக்கையில ஒனக்கு எதுக்குத்தா தாழ்ப்பா?" என்றார். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால் நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ராமேஸ்வரத்தில் கோயில் தெருவிலிருந்து கடற்கரைக்குப் பிரியும் ஒரு சந்து அது. ஒரு பக்கம் சுவரோடு சுவராக மூன்று சின்ன வீடுகள், எதிர்ப்பக்கம் அவருடைய பெரிய வீடு. நான் அப்போது ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன். கல்யாணமாகாத பெண், தனியாக இருக்கப்போகிறவள் என்று சொன்னதுமே அந்த ஊரில் பல வாசல்கள் மரியாதையாகச் சாத்திக்கொண்டன. இவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எந்த ஊர் என்றார். சிக்கல் என்றேன்.

"சிக்கலா? எங்க சின்ன மாமியா பொறந்த ஊருல்ல. அப்ப நீ எனக்கு மருமக முறை வேணும்" என்று சாவியை என் கையில் வைத்து மூடினார். எந்தத் தெரு, யார் வீடு என்றெல்லாம் நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு அத்தை. அக்ரிமெண்ட் போடலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அத்தை கடலாடிப் பக்கத்து ஊர்க்காரர். நிலபுலன் உள்ள குடும்பம். கட்டிக்கொடுத்து ராமேஸ்வரம் வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. யாரைப் பார்த்தாலும் ஒரு முறை சொல்லி இழுத்துப்போட்டுக்கொள்வார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அவருக்கு மகன் முறை. என் பக்கத்து வீட்டில் இருந்த அந்தோணி அண்ணன் விசைப்படகில் போகிற கத்தோலிக்கர். அவரையும் தம்பி ஆக்கியிருந்தார். அதனால் அவர் மனைவி ரோஸ்லின் அக்காவுக்கு அத்தை மதினி ஆனார். அந்தோணி அண்ணன் கடலிலிருந்து வந்தால் முதல் நல்ல மீன் எதிர்வீட்டுக்குத்தான் போகும். அத்தை அதை வாங்கி, கழுவி, குழம்பு வைத்து, அந்தக் குழம்பில் பாதியை அவர்கள் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போவார். அங்கேயும் தட்ட மாட்டார். அக்காவும் அண்ணனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நடுவில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் எழுவார்.

எனக்கு எரிச்சல் வரும். நைட்டியோடு இருக்கும்போது கதவு திறந்தால் யாருக்குத்தான் வராது? என் பீரோவைத் திறந்து, என் உள்ளாடைகள் உள்பட எல்லாவற்றையும் அவர் மடித்து வைத்திருந்த நாளில் எனக்கு அழுகையே வந்தது. சண்டைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். எதிர்வாசலில் என்னைப் பார்த்ததும், "வந்தியா, உங்க ஊரு மொளகா வத்தல் வாங்கியாந்தாக, எடுத்துக்கிட்டுப் போ" என்று ஒரு பையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவரோடு சண்டை போட அவர் இடமே கொடுக்க மாட்டார்.

ஒருமுறை காய்ச்சல் என்னைப் படுக்கையிலேயே அடித்துப்போட்டது. போனை எட்டி எடுக்கக்கூட முடியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் நான் ஊருக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்து, சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. "ஏத்தா, என்னத்தா இது" என்ற குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆட்டோவில் அவர் மடியில்தான் என் தலை இருந்தது. ரத்தத் தட்டணுக்கள் எந்த அளவுக்கு இறங்கியிருந்தன என்று பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தபோது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்னாகியிருக்கும் என்று வேலை தெரிந்த எனக்குப் புரிந்தது. அந்த உள்தாழ்ப்பாளை அவர் சரிசெய்து தந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது அமாவாசையில் தொடங்கியது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் கொள்ளாது. லாட்ஜில் இடம் கிடைக்காத யாத்ரீகர்கள் வீடு வீடாகக் கேட்டு வருவார்கள். அந்த நாட்களுக்கு முந்தி அத்தை எங்கள் மூன்று வீட்டுக்கும் வருவார். "பாய் தலகாணியத் தூக்கிக்கிட்டு இங்கன வந்துருங்க" என்பார். நாங்கள் துணிமணியை மூட்டை கட்டி, சாமான்களை ஓரங்கட்டி, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அவர் வீட்டுக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்வோம். எங்கள் வீடுகளில் யாத்ரீகர்கள் தங்குவார்கள். அந்த வருமானம் அத்தைக்கு. நாங்கள் கொடுத்த மாத வாடகை அது பாட்டுக்கு.

இதை எழுதும்போதுதான் இது எவ்வளவு அநியாயம் என்று தெரிகிறது. அப்போது அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. கூடத்தில் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் படுத்து ஊர்க்கதை பேசுவோம். அத்தை பெரிய சட்டியில் சமைத்துப்போடுவார். ரோஸ்லின் அக்கா தன் வீட்டுச் சுவரிலிருந்து மாதா படத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, அத்தை வீட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். அத்தை இரண்டுக்கும் சேர்த்தே பூ வைப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனித்திருந்தேன். என் வீட்டில் யாத்ரீகர்கள் இருக்கும்போது அவர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கப் போன அத்தை, என் கதவுக்கு வெளியே நின்று தட்டினார். "சார், தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்று குரல் கொடுத்து, அவர்கள் திறக்கும்வரை காத்திருந்தார். என் கதவை அவர் தட்டி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என்னவோ மாதிரி இருந்தது.

ஒரு நாள் அந்தோணி அண்ணன் போன படகை, எல்லை தாண்டிவிட்டது என்று எதிர்க்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், ஆட்களை அங்கே சிறையில் வைத்துவிட்டது. சந்து முழுக்கச் செய்தி பரவுவதற்குள் அத்தை சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோஸ்லின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மீனவர் சங்கம், தாலுகா ஆபீஸ், ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் என்று ஏறி இறங்கினார். மனுக் கொடுக்கிற வரிசையில், "என் தம்பி சார், கூடப் பொறந்தவன்" என்று அவர் சொன்னதாக அக்கா என்னிடம் சொல்லி அழுதார். விடுதலை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. ரோஸ்லின் அக்கா கருவாட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பிந்தினாலும் வாடகையைக் கொடுத்துவிடுவார். மண்டபம் ஊரிலிருந்து அவர் அம்மா, அங்கேயே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அக்கா போகவில்லை.

"அவுக வந்து எறங்குனா இந்த வீட்டுக்குத்தான வருவாக. வாரப்ப வீடு பூட்டிக் கெடந்தா எப்படி இருக்கும்?" என்றார். அந்த ஒரு ஆசையில்தான் அவர் அந்த வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. கூடவே இலவசச் சர்க்கரைப் பரிசோதனை. கிளினிக்கிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். நான் ஓரத்தில் மேசை போட்டு விரல்களைக் குத்திக்கொண்டிருந்தேன். மேடையில் ஒரு பெண் வக்கீல் வாடகை வீட்டைப் பற்றிப் பேசினார்.

"வீடு அவங்களோடதுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா உங்களுக்கு விட்டதுக்கப்புறம் கதவுக்கு உள்ள நடக்கிறது உங்க குடித்தனம். அவங்க உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னாடி சொல்லணும். தண்ணி, கரண்டை நிறுத்தக் கூடாது. காலி பண்ணச் சொல்றதுக்கு முறை இருக்கு. நீங்க வெளிய போன நேரம் பார்த்துப் பூட்டை மாத்தக் கூடாது. எல்லாத்தையும் எழுதி, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணிக்கங்க. சொந்தக்காரங்களா இருந்தாலும் எழுதிக்கங்க."

விரலை நீட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்து, "ஒரு நாள் முன்னாடியா? எங்க வீட்டுக்காரம்மா கனவுக்குள்ளகூட சொல்லாமத்தான் வருது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு வரவில்லை. ஆடி அமாவாசைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு நான் தெருவைக் கடந்து போனது கண்முன் வந்தது.

அத்தையிடம் அக்ரிமெண்ட் கேட்டேன். எவ்வளவு தன்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தன்மையாகத்தான் கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

"அப்ப நான் ஒனக்கு யாருத்தா?"

"நீங்க அத்தைதான். எழுதிக்கிட்டா அத்தை இல்லைனு ஆயிருமா?"

அவர் மறுபடி புடைக்கத் தொடங்கினார். பல நாட்கள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. என் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. எழுதாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு காலையில் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அத்தை. நிலைக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. நின்றபடியே அக்ரிமெண்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கொத்திலிருந்து என் வீட்டுச் சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இனிமே நீ குடியிருக்கவ, நான் வீட்டுக்காரி. அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தட்டாமல் வந்ததே இல்லை. மோட்டார் போட்டாச்சு, தண்ணி பிடிச்சுக்கோ என்று சொல்வதற்கும் வந்து தட்டுவார். ஒவ்வொரு தட்டும், நீ எனக்கு வெளியாள் என்று சொல்வதாகவே எனக்குக் கேட்கும். நான் கேட்டு வாங்கிய உரிமைதான் அது. அது வலித்தது என்பதும் உண்மை. புதுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நிம்மதியாகக் குளித்தேன்.

ரோஸ்லின் அக்காவையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். "அவுக வரட்டும்டி, வந்ததும் கேட்டுக்கிருவோம்" என்றார். புருஷன் ஒரு கரையில் அடைபட்டிருக்கும்போது, அவருக்காக அலைகிற மனுஷியின் முகம் வாட எந்தப் பெண்தான் நடந்துகொள்வாள்?

தை அமாவாசை வந்தது. அத்தை மற்ற இரண்டு வீட்டுக்கும் போய்ப் பாய் தலையணையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். என் கதவைத் தட்டி, "உன்னைய நான் கூப்புடலை. உங்கிட்ட பேப்பர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ரோஸ்லின் அக்கா மாதா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். போக வேண்டாம் என்று வாசலில் நின்று சொன்னேன். "ரெண்டு நாளுதானடி, வருசா வருசம் போறதுதான" என்றார். எதிர்வீட்டிலிருந்து சிரிப்பும் சாம்பார் வாசமும் வந்தன. நான் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அமாவாசை முடிந்தது. யாத்ரீகர்கள் போனார்கள். மூன்றாவது வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரோஸ்லின் அக்கா சாவி கேட்டபோது அத்தை, "இரு, தரையெல்லாம் பேந்து கெடக்கு, டைல்ஸ் போட்டுட்டுத் தாரேன்" என்றார். கொத்தனார் வந்தார். அக்காவின் சாமான்கள் அத்தை வீட்டுப் பின்கட்டுக்குப் போயின. பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு ஒரு வேனில் கட்டிலும் ஏசியும் வந்து இறங்கின. புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து சந்தில் பாதி வீடுகள் யாத்ரீகர்களுக்கான ரூம்களாக மாறிக்கொண்டிருந்தன. அத்தைக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

நான் நேரே போய்க் கேட்டேன். அவர் சண்டைக்கே வரவில்லை.

"நான் எங்கத்தா வெளிய தள்ளுனேன்? என் வீட்டுக்குள்ளதான வச்சிருக்கேன். ஒத்தப் பொம்பள அங்கன எதுக்குக் கெடக்கணும்? வாடகையும் கேக்கலை. நீயே அவளக் கேளு, வயித்துக்குக் கொறை வச்சேனான்னு."

கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு பூண்டு உரித்தார்.

அந்தப் பெண் வக்கீலிடம் அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ரசீது இல்லை, எழுத்து இல்லை, சாவியை இவரே கொடுத்திருக்கிறார் என்பதால் கொஞ்சம் இழுக்கும் என்றார். ஆனாலும் அக்கம்பக்கத்துச் சாட்சி போதும், இப்படிப் பூட்டிக்கொள்ள அந்த அம்மாவுக்கு உரிமையில்லை, எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். மனு தயாரானது. அக்கா பேனாவை வாங்கினார். வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அவுகளுக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனவுக. அவுக மேலயே நான் எழுதிக் குடுக்கவா?" என்றார். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து மூடி வைத்தேன்.

ரூம்களுக்கு ஆள் வரத் தொடங்கியது. கூட்ட, துடைக்க, விரிப்பு மாற்ற ஆள் வேண்டும். யாரும் அக்காவை அந்த வேலைக்கு வைக்கவில்லை. தானாக அது அவர் கைக்கு வந்துவிட்டது. கருவாட்டுக் கம்பெனிக்குப் போவது நின்றது. சோறு போடும் வீட்டில் சும்மா இருக்க முடியுமா? அவர் ஐந்தாறு வருடம் குடித்தனம் நடத்திய வீட்டை, பக்கெட்டும் துடைப்பமுமாக வாசலில் நின்று, "ரூம் சுத்தம் பண்ணணும் சார்" என்று தட்டிவிட்டு உள்ளே போய்த் துடைத்தார். அத்தைக்கு அதில் கண்டிப்பு உண்டு. "வந்து தங்கறவுகள மதிக்கணும்த்தா, தட்டாம உள்ள போயிறாத" என்று அவரே அக்காவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அந்தோணி அண்ணனை விட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மறுநாள் வருவார், அதற்கு மறுநாள் வருவார் என்று பல கணக்குச் சொன்னார்கள். அவர் வந்தது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலை. தாடியும் ஒரு பாலித்தீன் பையுமாகச் சந்துக்குள் நுழைந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாய் திறப்பதற்குள் நேரே தன் வீட்டு வாசலுக்குப் போனார். பழைய கதவுதான், பெயிண்ட் மட்டும் புதிது. வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட அவர் கவனிக்கவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு அம்மா, "யாருங்க? யாருங்க அது?" என்று பதறினார். வேட்டியை இறுக்கிக்கொண்டு ஒருவர் வந்து அண்ணனை மறித்தார். அண்ணன் அவரைத் தாண்டி உள்ளே, சுவரில் மாதா படம் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஏசி இருந்தது.

எதிர்வீட்டிலிருந்து ரோஸ்லின் அக்கா ஓடி வந்தார். கையில் துவைத்த விரிப்பு. புருஷனைப் பார்த்தார். எத்தனை நாள் காத்திருந்த முகம் அது. ஆனால் அவர் முதலில் பேசியது அந்த யாத்ரீகரிடம்தான்.

"மன்னிச்சுக்கங்க சார். தெரியாம வந்துட்டாக. நீங்க சாத்திக்கங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அதற்குள் அத்தையும் வந்துவிட்டார். "வந்துட்டியா தம்பி, வந்துட்டியா" என்று அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அது நடிப்பில்லை. அத்தனை அழுகையும் உண்மை என்று நான் எங்கேயும் சொல்வேன். "வா, நம்ம வீட்டுக்கு வா. மொதல்ல சாப்புடு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது அண்ணன் முகம். மனைவியின் கையிலிருந்த விரிப்பை ஒருமுறை பார்த்தார்.

அத்தை வீட்டுக் கதவு எப்போதும்போல மலர்க்கத் திறந்து கிடந்தது. அந்த வீட்டுக்குள் எத்தனையோ முறை மீன் பையோடு விறுவிறுவென்று நுழைந்தவர் அவர். அன்று வாசலில் நின்றார். கையை விடுவித்துக்கொண்டார். திறந்து கிடந்த அந்தக் கதவை விரல் மடக்கித் தட்டினார்.

உள்ளே நாலடி போய்விட்ட அத்தை திரும்பிப் பார்த்தார். தட்டியது யார் என்று தெரிந்தும், வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் சொல்வதற்காக அண்ணன் வெளியே நின்றுகொண்டிருந்தார்.